பிள்ளையின் அறையில் பூட்டில்லாத வாசல்



இரவில் கடையடைத்த பிறகு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் எவரும் வீடு திரும்புவதில்லை. ஆனால் மேற்படிப்புக்காக மாணவர் விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு ஒரு வைஃபை ரூட்டர் வாங்கிக் கொடுக்கிறோம். அதற்குப் பூட்டு உண்டா என்று கேட்பதில்லை. அப்பிள்ளை அங்கிருந்தே நமது கடைக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் பார்த்துக் கொடுக்கிறான் என்றால், நமது கல்லாவுக்கு ஒரு வாசல் அவ்வறையில் இருக்கிறது என்றே பொருள். கம்பியில்லா அலை சுவரோடு நிற்பதன்று. அடுத்த அறைக்கும் மேல் மாடிக்கும் செல்லும். ஆகவே கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. அனுமதி: பல விடுதிகளில் சொந்த ரூட்டர் வைக்க அனுமதி கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு. சுவரிலிருந்து வரும் கம்பியை 'வான்' துளையில் செருகாமல் 'லேன்' துளையில் செருகிவிட்டால், அந்த ரூட்டர் அண்டை அறைகளுக்கும் தவறான இணைய முகவரிகளை வழங்கக்கூடும். ஒருவருடைய கவனக்குறைவால் பலருடைய படிப்பு தடைப்படும். முதலில் விடுதி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

2. இரண்டு சாவிகள்: வைஃபையில் சேர்வதற்கு ஒரு மறைச்சொல், ரூட்டரின் அமைப்பை மாற்றுவதற்கு வேறொரு மறைச்சொல். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாவதைத் தொழிற்சாலை இட்டபடியே விட்டுவிடுகின்றனர். 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல், இப்படி மாற்றாமல் விட்ட மறைச்சொற்களைக் கொண்டே லட்சக்கணக்கான காமிராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது.

3. பூட்டின் வகை: 1997இல் வந்த 'வெப்' என்னும் முறை 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 2018இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. குறுக்கு வழி: 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியை அணைத்துவிடுக. அதன் எட்டு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கப் பத்துக் கோடி முறை முயல வேண்டும் என்று தோன்றும். கணக்கு அப்படியன்று. முதல் நான்கு இலக்கங்களை ரூட்டர் தனியாகச் சரிபார்க்கிறது: அதற்கு 10,000 முயற்சி. மீதி நான்கில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்; எஞ்சிய மூன்றுக்கு 1,000 முயற்சி. ஆக 11,000 முயற்சிக்குள் பூட்டு திறந்துவிடும். இக்குறை 2011இல் வெளியாயிற்று.

5. பழைய பெட்டி: மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ரூட்டரை வாங்கினால், உற்பத்தியாளர் அதற்கு இன்னும் புதுப்பிப்பு வழங்குகிறாரா என்று விசாரிக்க வேண்டும். வாங்கியதும், அறையைக் காலி செய்து பிறருக்குக் கொடுக்கும்போதும், அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

நண்பர்கள் வந்து கேட்டால் விருந்தினர் இணைப்பைக் கொடுக்கலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.

'இதெல்லாம் நமக்குப் புரியாத விஷயம்' என்று ஒதுக்க வேண்டாம். விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது இந்த ஐந்தையும் வரிசையாகக் கேளுங்கள். கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடமிருந்தே அவனுக்கு வர வேண்டும்.