பால்மரம் போடும் தண்ணிக் கணக்கு



போன வருஷத் தைப்பூசத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால் ஒரு தம்பி விழுந்தான். வயது 19. அலகு ஒன்றும் இல்லை, சாதாரணத் தோள் காவடிதான். மணி பகல் பன்னிரண்டரை இருக்கும். கண் சொருகி, ஏதேதோ பேசினான். "அருள் வந்திருச்சு, தள்ளி நில்லுங்க"ன்னு சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பந்தலில் எங்களோடு இருந்த ஓர் அக்கா, தாதியாக வேலை பார்ப்பவர், அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அருள் இல்லடா இது, உடம்பு கொதிக்குது, ஐஸ் கொண்டா!"ன்னு கத்தினார்.

தம்பி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான். அன்றைக்கு ராத்திரி பீடோங்கில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி கல்யாணம் ஆன நாளிலிருந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னது ஒரே வரி: "பன்னெண்டு மணிக்கு மரமே பால் குடுக்காது, மனுஷன் எப்படிடா காவடியத் தூக்கிட்டு நடப்பான்?"

சும்மா சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், உயிருள்ளவை தங்கள் உள்நிலையை எப்படிச் சீராக வைத்துக்கொள்கின்றன என்ற பாடம் முழுக்க அந்த வரிக்குள் இருக்கிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்த கதை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும். வெயிலுக்குப் பயந்துதான் அந்த நேரத்தில் போனார்கள் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது மரம் வைத்த நேரம். பட்டையின் உள்பக்கத்தில் பால் ஓடும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. ராத்திரியில் இலைத்துளைகள் மூடியிருக்கும், வேர் மட்டும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் விடியும் நேரத்தில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம் வரைக்கும் ஏறிவிடும். நம் கார் டயரில் அடிக்கும் காற்று 2 சொச்சம்தான். அப்போது கத்தி பட்டால் பால் தானாகப் பீறிட்டு மங்கில் இறங்கும்.

வெயில் ஏறினால் இலைத்துளைகள் திறக்கும், தண்ணீர் ஆவியாகும், குழாயின் அழுத்தம் இறங்கும். நுட்பமாக அளந்தால் மரத்தின் சுற்றளவே பகலில் ஒரு துளி சுருங்குவது தெரியும். அந்த நேரத்தில் வெட்டினால் பால் வரும், ஆனால் குறைவாக வரும். ("குடுக்காது" என்று பாட்டி சொன்னது கொஞ்சம் மிகை. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.)

வெட்டிய காயமும் அப்படியே திறந்து கிடப்பதில்லை. பாலுக்குள் இருக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, வாயைப் பாலாலேயே அடைத்துவிடும். மங்கு நிரம்பி வழியும்வரை ஓடாமல் சில மணி நேரத்தில் நின்றுபோவது அதனால்தான். இழந்ததை உள்ளே திரும்ப உண்டாக்க நாள் பிடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது அதற்காகத்தான்.

என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது இன்னொன்று. கெடாவில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்து காய்கிற காலம். அப்போது பால்மரம் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். வரவு குறைந்த மாதத்தில் செலவை வெட்டுகிறது. தைப்பூசம் வருவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். மரம் செலவைக் குறைக்கிற மாதத்தில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு தார் ரோட்டில் நாம் இறங்குகிறோம்.

இனி நம்ம உடம்பு. வெளியே எப்படி மாறினாலும் உடம்பின் உட்சூழல் மாறாமல் இருந்தால்தான் உயிர் சுதந்திரமாக இயங்க முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்னார். அதற்கு 1926இல் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான வால்டர் கேனன். பொறியியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இது வீட்டு ஏர்கோன் மாதிரிதான் தெரிகிறது. ஏர்கோனில் 24 என்று வைத்தால், அறை சூடாக ஆக அது வேலை செய்யும், குளிர்ந்ததும் நிற்கும். மாற்றம் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுவதால் இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். (அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கைக் கேட்காதீர்கள்.) நம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறது. சூடு ஏறினால் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பிவிட்டு, வியர்வையைத் திறந்துவிடும்.

ஏர்கோனுக்குக் கரண்ட் பில் வருகிற மாதிரி இதற்கும் பில் உண்டு. அதைத் தண்ணீரில்தான் கட்ட வேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் காவடியோடு நடக்கும்போது உடம்புக்குள் சுமார் 400 வாட் சூடு உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன ரைஸ் குக்கர் அளவு. அவ்வளவு எடையுள்ள உடம்பை 1 டிகிரி சூடாக்க 210 கிலோஜூல் போதும். சூடு வெளியே போக வழியே இல்லையென்றால் 9 நிமிடத்துக்கு 1 டிகிரி ஏறும். அரை மணிக்குள் 40 டிகிரி! அப்படி ஆகாமல் காப்பது வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துப் போகும். கணக்குப்படி மணிக்கு 600 மில்லி போதும்.

ஆனால் "ஆவியானால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூட்ட நெரிசலில், காற்றில்லாத இடத்தில், நம் ஊர் ஈரப்பதத்தில், பாதி வியர்வை சொட்டித் தரையில் விழுகிறது. சொட்டுகிற வியர்வை சூட்டை எடுக்காது. தண்ணீர் போகும், சூடு அப்படியே இருக்கும். வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டினால் காற்றே நம்மைச் சூடாக்க ஆரம்பித்துவிடும். அந்த வெப்பம் நமக்குப் புதிதல்ல. பக்கத்துப் பெர்லிஸில், சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி பதிவானது. மலேசியாவில் பதிவான உச்சம் அதுதான்.

தண்ணீர் குறைந்தால் மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போவது அதன் அறிகுறி. அதையும் மீறினால் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவதா, தோலைக் குளிர்விப்பதா என்று உடம்பு திணறும். குளிர்விப்பு தோற்று உடல் சூடு 40ஐத் தாண்டி, புத்தி தடுமாறினால், அது வெப்பத்தாக்கம். அந்தத் தம்பிக்கு ஆனது இதுதான். அருளுக்கும் இதற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். அருள் வந்தவரைத் தொட்டுப் பார்ப்பதால் முருகன் கோபித்துக்கொள்வார் என்று நான் நம்பவில்லை.

உடம்பு கொதித்து, பேச்சும் குழம்பியிருந்தால் 999ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

மாமாக்கள், அத்தைகள் விஷயத்தில் இன்னொரு கவலை இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடுதல். இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. சர்க்கரை சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரில் வழிந்து, தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் வெயிலில் இறங்கும்போதே தண்ணீர்க் கணக்கில் கடனோடுதான் இறங்குகிறார்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் சரியல்ல. வியர்வையில் உப்பும் போகிறது. ரத்தத்தில் சோடியம் 135க்கும் 145க்கும் நடுவில் நிற்க வேண்டும், ரொம்பவும் நீர்த்துப்போனால் அதுவே மயக்கம் தரும். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்தால் சரியான அளவு. பந்தலில் கொடுக்கும் உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். ரோஸ் சிரப் கலந்த தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோமே, அதில் உப்பே கிடையாது!

விரதத்தோடு வருகிறவர்கள் தண்ணீரையும் விட வேண்டுமா என்று கோயில் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டபோது எங்கள் கோயில் குருக்கள், "தண்ணி குடிச்சா விரதம் கெடாதுப்பா"ன்னுதான் சொன்னார். காவடி எடுக்கும் நேரத்தையும் அவரிடமே பேசினோம். இந்த வருஷம் எங்கள் தாமான் காவடிகள் விடிகாலை 5 மணிக்குப் புறப்படுகின்றன, பாட்டி பெரட்டுக்குப் போன அதே நேரம். வேலை காரணமாகப் பகலில்தான் நடக்க முடியும் என்கிறவர்களுக்காகப் பந்தலில் பெரிய விசிறி இரண்டும் ஐஸ் பெட்டி நான்கும் வைக்கிறோம். 11 மணியிலிருந்து 2 மணி வரை நிற்கத்தான் ஆள் போதவில்லை. அந்த நேரத்துக்கு வர முடிந்தவர்கள் உங்கள் பகுதித் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.