பழங்காரின் பேட்டரி

2015-இல் கோவையில் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் பலவற்றைக் காணலாம். இத்தகைய காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், முதலில் கெடுவது எது? பெரும்பாலும் பேட்டரிதான்!

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த ஈயச் சேமக்கலமே இதன் மூலம். ஓர் அறைக்குச் சுமார் 2 வோல்ட். 3 அறைகள் சேர்ந்தால் 6 வோல்ட். 6 அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். பழங்கார்களில் இருவகையும் உண்டு. ஆகவே வண்டிக்குரிய வோல்ட்டை அறிந்தே வாங்க வேண்டும். முனையையும் கவனிக்க வேண்டும். இக்காலக் கார்களில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றிலோ நேர்முனை இணைந்திருக்கும். மாற்றிப் பூட்டினால் மின்கருவிகள் பழுதாகும்.

சும்மா இருக்கும் பேட்டரி தானே மின்சக்தியை இழக்கும். அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படியும். பிறகு மின்னேற்றினாலும் முழுதும் நீங்காது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே இறங்கினால் மின்னேற்ற வேண்டும்.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் தீக்குச்சி கிழிக்கலாகாது. உள்ளிருப்பது கந்தக அமிலமாதலால், பெரியோர் துணையின்றித் தொடாதீர்கள்.

மாதம் ஒருமுறை கவனித்தால் போதும். தாத்தா காலத்துக் காரும் பேரப்பிள்ளைகளைச் சுமந்து செல்லும்!