லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்

அன்புள்ள தம்பிக்கு,

தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வாங்கப் போவதாகவும், கையில் இரண்டு லட்சத்துக்கு மேல் இல்லை என்றும் எழுதியிருந்தாய். நீ பார்த்து வைத்திருப்பவை இரண்டு. இரண்டும் 2013-இல் பதிவான ஒரே மாடல் சிறிய பெட்ரோல் கார்கள், கையால் கியர் மாற்றுபவை. ஒன்று 48,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மற்றது 1,30,000 ஓடியிருக்கிறது. விலை முப்பதாயிரம் குறைவு. முதல் காரைக் கைநழுவ விடாதே என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். இரண்டாவது காரின் சர்வீஸ் கணக்கு முழுதாகக் கிடைக்குமானால் அதையே முதலில் போய்ப் பார். செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஆண்டு, கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்ற மூன்றையும் வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். காரைத் தேய்ப்பவை பெரும்பாலும் வேறு. விலைக்கும் தேய்மானத்துக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் பணம் குறைவாக உள்ளவனுக்குச் சந்தை தரும் சலுகை. பயந்துபோய் அதை விட்டுவிடாதே.

முதலில் இன்ஜினை எடுத்துக்கொள். இன்ஜினுக்குத் தூரம் தெரியாது, ஓடிய நேரம்தான் தெரியும். கிண்டிக்கும் தியாகராய நகருக்கும் இடையே சிக்னல் சிக்னலாக நின்று போகும் கார் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 48,000 கிலோமீட்டர் ஓட 3,200 மணி நேரம் ஆகும். செங்கல்பட்டுக்கும் விழுப்புரத்துக்குமாக ஓடிய கார் சராசரி 40 என்று வைத்தால், 1,30,000 கிலோமீட்டருக்கு 3,250 மணி நேரம். மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் தெரிகிறது; இன்ஜின் சுற்றிய நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அடியில் இறங்கியிருக்கும். அது மேலே ஏறிப் பரவும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்திவிடும் காரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து தங்கி நாளடைவில் சகதியாகிவிடும். ஐந்து ஐந்து கிலோமீட்டராக 48,000 ஓட 9,600 ஸ்டார்ட் வேண்டும். இருபத்தைந்து இருபத்தைந்தாக 1,30,000 ஓட 5,200 போதும். கிளட்சும் பிரேக்கும் அப்படியே. நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்குள் பத்து முறை மிதிபடும் கிளட்ச், நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மிதிபட்டால் அதிகம். இதோடு ரப்பரையும் நினைத்துப் பார். டயர், ஹோஸ் பைப், பெல்ட், ஆயில் சீல் எல்லாம் ஓடாமல் நின்றாலும் ஆண்டுக்கணக்கில் இறுகி வெடிக்கும். இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கும் உண்டு: ஷாக் அப்சார்பர், புஷ், வீல் பேரிங் போன்றவை தூரத்தால்தான் தேயும், அதிகம் ஓடிய காரில் அவற்றை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் அவை தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. இன்ஜினின் உட்புறம் அப்படியல்ல.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். அது நெடுஞ்சாலையில்தான் ஓடியது என்பதற்கு என்ன சாட்சி? நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியை 48,000 காட்டும் காரிடமும் கேட்க வேண்டும், அங்கே இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும். மீட்டரைக் குறைத்துக் காட்டினால் விற்பவனுக்கு லாபம். கூட்டிக் காட்டினால் யாருக்கும் லாபமில்லை. டிஜிட்டல் மீட்டரைத் திருத்தச் சிறு கருவியும் அரை மணி நேரமும் போதும் என்னும்போது, குறைந்த எண்ணுக்குச் சான்று வேண்டும். பெரிய எண்ணில் அந்தச் சந்தேகம் குறைவு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, ஓனரின் சம்மதத்தோடு பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோமீட்டரும் பதிந்திருப்பார்கள். எண் எங்காவது பின்னால் போயிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். 10,000 கிலோமீட்டர் ஓட எத்தனை மாதம் ஆனது என்று பார்த்தால், கார் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தது என்பதும் புலப்படும். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றியிருந்தால் தினமும் தூரம் போய்வந்த ஒருவரின் கார். ஓர் ஆண்டில் நாற்பது, ஐம்பதாயிரம் ஓடியிருந்தால் ஓன் போர்டிலேயே டாக்சியாக ஓடியிருக்கலாம், விலகிக்கொள். மஞ்சள் போர்டிலிருந்து மாற்றிய காரா என்பதையும் ஆர்.சி. விவரத்தில் பார்த்துவிடு. சான்றுத் தாள் எதுவும் இல்லையென்றால் தேய்மானத்தைப் பார். 48,000 என்று சொல்லும் காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருந்தால் எது பொய் என்பது தெரிந்துவிடும்.

மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போ. விற்பவரோ புரோக்கரோ சொல்கிற மெக்கானிக் வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் போய் பானட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய். முதல் சுற்றில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த இன்ஜினில் சற்று நேரம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படு. கையால் கியர் மாற்றும் கார் என்பது இந்த இடத்தில் பெரிய அனுகூலம், ஏனென்றால் அதன் நோய்களைக் காலும் கையும் நேரடியாக உணரும். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடு. இன்ஜின் உடனே திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பார். கரகரவென்று பற்கள் முனகினால் உள்ளே சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்தக் கார் வேண்டவே வேண்டாம். கிளட்ச் மாற்றுவது சிறிய காரில் தாங்கக்கூடிய செலவு. அதை விலையில் கழித்துக் கேட்கலாம். கியர் பாக்ஸைப் பிரிப்பது அப்படியல்ல. பழைய ஆட்டோமேட்டிக் கார்களை இந்தப் பணத்தில் நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்: அவற்றின் கோளாறு சோதனை ஓட்டத்தில் தெரியாமல் போகலாம், தெரு ஓரக் கடையில் சரிசெய்ய ஆளும் அரிது.

பிறகு மதிய வெயிலில் ஏ.சி.யை முழுதாக வைத்து நெரிசலில் இருபது நிமிடம் ஓட்டு. ரேடியேட்டரோ அதன் ஃபேனோ பலவீனமாக இருந்தால் வெப்ப முள் ஏறுவது அப்போதுதான் தெரியும். இன்ஜின் டைமிங் செயினில் ஓடுகிறதா பெல்ட்டில் ஓடுகிறதா என்று கேள். மாருதியின் பழைய 796 சி.சி. இன்ஜினில் பெல்ட், 2010-இல் ஆல்டோவுக்கு வந்த கே10 இன்ஜினில் செயின். பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் கார் அதே இடத்தில் நின்றுவிடும், பல இன்ஜின்களில் வால்வும் வளைந்து போகும்.

சென்னையில் பழைய கார் வாங்குகிறவன் கிலோமீட்டரை விட அதிகமாகப் பயப்பட வேண்டியது வெள்ளத்துக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நின்ற கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்து புது சீட் கவர் போட்டுவிட்டால் மீட்டரில் எதுவும் தெரியாது, எண் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்து, ஓராண்டு கழித்து ஒன்றொன்றாகக் கைவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடியில் சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது மூழ்கிய கார்; அந்தக் கறை கழுவினாலும் எளிதில் போகாது. ஸ்டெப்னி வைக்கும் குழி, டாஷ்போர்டின் அடிப்பக்கம், கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள தகடு மூன்றையும் டார்ச் அடித்துப் பார். கடலோரத்தில் வாழ்ந்த கார் என்றால் அடித்தகட்டின் துருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்ஜினை மீட்கலாம், துருப்பிடித்துப்போன உடலை மீட்க முடியாது.

அதிகம் ஓடிய காருக்கு அடிக்கடி செலவு வருமே என்பது அடுத்த மறுப்பு. வரும். அதனால்தான் கையிலுள்ள இரண்டு லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதே என்கிறேன். ஒன்றரை லட்சத்துக்குள் வாங்கி மீதியைத் தனியே வை. அது செலவாகப் போகிற பணம்தான் என்று மனதைத் தயார்செய்துகொள். முப்பதாயிரம் கூடக் கொடுத்துக் குறைந்த எண்ணை வாங்கினால் வெறும் எண்ணை வாங்கியதாகும். அதே முப்பதாயிரத்தில் நான்கு டயரும் கிளட்சும் பேட்டரியும் புதிதாகப் போட ஏறக்குறைய முடியும். தெருவில் அதிகம் ஓடும் மாடலையே தேர்ந்தெடு. ஷெவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு 2021-இல் தயாரிப்பிலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. அவற்றின் கார்கள் மோசமானவை அல்ல. கம்பெனிகள் விலகியதாலேயே மலிவாகவும் கிடைக்கும். ஆனால் முதல் கார் வாங்குகிற நீ உதிரி பாகம் தேடி அலைய வேண்டாம். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். புதிய காரை மாதத் தவணையில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். காப்பீட்டுக்காக வகுத்திருக்கும் தேய்மானப் பட்டியலைப் பார்: மூன்று ஆண்டு முடியும்போது காரின் மதிப்பில் 30 சதவீதமும், ஐந்து ஆண்டு முடியும்போது 50 சதவீதமும் கழிக்கிறார்கள். தவணை கட்டி முடிக்கும் நாளில் நீ வைத்திருப்பது பாதி மதிப்புள்ள கார். பத்து வயது தாண்டிய காரில் அந்த இழப்பை முந்தைய ஓனர்களே தாங்கியாயிற்று.

பாதுகாப்பு பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகியவற்றை மோதவிட்டுச் சோதித்தபோது பெரியவர் பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ஜிய நட்சத்திரம் பெற்றன. ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-இல்தான். ஆக, நீ பார்க்கும் 2013 கார்களில் பெரும்பாலானவற்றில் அவை இருக்காது. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. உயர் ரக வேரியன்ட்களில் சிலவற்றில் ஏர்பேக் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் கிலோமீட்டர் எவ்வளவானாலும் அதையே எடு. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார். விளக்கே எரியவில்லையென்றால் பல்பைக் கழற்றிக் கோளாறை மறைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-இன் 32-ஆம் வாரத்தில் செய்தது. ஆறேழு ஆண்டு கடந்த டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடு. பிரேக்கிலும் டயரிலும் ஒரு ரூபாய்கூடச் சிக்கனம் வேண்டாம். தினமும் இரவில் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டிய வேலையாக இருந்தால், இன்னும் ஓராண்டு கம்பெனி பஸ்ஸில் போய்ப் பணம் சேர்த்து 2019-க்குப் பிந்தைய காரை வாங்கு என்றே சொல்வேன்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உன்னிடம் விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தைய ஓனரிடம் கையெழுத்து வாங்கி வைத்த படிவத்தை நீட்டினால் ஒப்புக்கொள்ளாதே. லோன் இருந்திருந்தால் எச்.பி. என்ற கடன் குறிப்பு ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த பிறகே முழுப் பணமும் கைமாற வேண்டும். 2013-இல் பதிவான காரின் ஆர்.சி. 2028-இல் பதினைந்து ஆண்டு முடிந்து புதுப்பிப்புக்கு வரும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. விலை பேசும்போது இதையும் கணக்கில் சேர். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பி. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உனக்கு வராது.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே, முந்தைய ஓனர் என்ன சொல்லியிருந்தாலும், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடு. பெட்ரோல் குழாய்களையும் பார்க்கச் சொல். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலை நினைத்து அந்தக் காலத்துக் கார்களை வடிவமைக்கவில்லை, ஆகவே இறுகிப்போன ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய ஒவ்வொன்றையும் தேதி, கிலோமீட்டர், விலையோடு ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் சேர்த்து வை. சனிக்கிழமை அந்த இரண்டாவது காரைப் பார்க்கப் போவதற்கு முன் சர்வீஸ் விவரத்தை வாங்கி எனக்கு அனுப்பு. சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்