கம்ப்யூட்டர் திடீர் திடீரென ஆஃப் ஆகிறதா?

1. முதலில் பவர் கேபிளை இரு முனையிலும் அழுத்திச் செருகுங்கள். லூசான பிளக்கே பல வீடுகளில் குற்றவாளி.

2. யு.பி.எஸ். இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போது நிற்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் யு.பி.எஸ்.ஸில்தான்.

3. கேம், வீடியோ எடிட்டிங் என்று வேலை கூடும்போது மட்டும் நிற்கிறதா? பெரும்பாலும் சூடுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பிராசஸர் ஃபேனுக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளிபோல் அடைந்திருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியெடுங்கள். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேரிங் கெடலாம்.

4. தூசி போயும் சூடு குறையவில்லையா? பிராசஸருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். பழையது காய்ந்தால் சூட்டைச் சரியாகக் கடத்தாது.

5. சூடே இல்லாமல் நிற்கிறதா? கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள். அதைத் திறக்க மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.