சினத்தின் அடியில் இருப்பது

தமசா நதிக்கரையில் இணையாகக் களித்திருந்த கிரௌஞ்சப் பறவைகளுள் ஆண்பறவையை வேடன் ஒருவன் அம்பெய்து வீழ்த்தினான். பெண்பறவையின் கதறலைக் கேட்ட வால்மீகி முனிவரின் துயரம், வேடன்மீது சாபமாக வெடித்தது. ஆனால் அடுத்த கணமே, தாம் கூறியது என்னவென்று அவர் தம்மையே வினவிக்கொண்டார். சோகத்தில் பிறந்த அச்சொற்கள் சுலோகமாக அமைந்திருக்கக் கண்டார். பிரம்மதேவரின் ஆணைப்படி அந்த யாப்பிலேயே இராமாயணத்தை இயற்றினார்.

ஸ்தாயி பாவங்கள் எனப்படும் எட்டு நிலையான உணர்ச்சிகள் எட்டு ரசங்களாக மலர்வதைப் பரதரின் நாட்டிய சாஸ்திரம் விளக்குகிறது. சோகம் கருணை ரசமாகிறது. நாடகத்தில் சீதையின் துயர் கண்டு அழுபவர் எவரையும் பழிவாங்க எழுவதில்லை. 'நான், எனது' என்னும் பிணைப்பு அப்போது தளர்ந்திருப்பதால், துயரமும் உள்ளத்தை விரிவடையச் செய்கிறது. காஷ்மீரத்து அபிநவகுப்தர் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் இக்கருத்தை விரித்துரைத்து, ஒன்பதாவதான சாந்த ரசத்தையும் நிலைநாட்டினார்.

இல்லத்திலோ அப்பிணைப்பு இறுகியிருக்கிறது. இரவில் தாமதமாக வரும் மகனைத் தந்தை கடிந்துகொள்கிறார். அச்சினத்தின் அடியில் இருப்பது, மகனுக்கு என்ன நேர்ந்ததோ என்ற அச்சம். அச்சத்தின் அடியில் இருப்பது அன்பு. மகனின் செவியில் விழுவதோ சினம் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சொல்லப்படாத அன்பு, உறவையே உலர்த்திவிடும்.

உணர்ச்சியை அழிக்க வேண்டுவதில்லை, அழிக்கவும் இயலாது. சொல் வெளிப்பட்ட பிறகேனும் வால்மீகியைப் போல் அதைத் திரும்பிப் பார்க்கலாம். "உன்னைக் காணாமல் பயந்துவிட்டேன்" என்று தந்தை ஒருமுறை கூறினால், மகன் அவரது சினத்தையும் புரிந்துகொள்வான்.