கிராமக் கணக்குகளைப் பார்வையிடுவதும் நகல் பெறுவதும்

சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மனுச் செய்யும் அங்கத்தினரிடம் காரியதரிசி முதன்முதலாகக் கேட்பவை சிட்டாவும் அடங்கலும் ஆகும். தறிக் கொட்டகை கட்டக் கடன் வேண்டும் நெசவாளரிடம் மனைப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேட்கப்படுகின்றன. அங்கத்தினர்களில் பலர் இக் காகிதங்களை ஒரு தொல்லையாகவே கருதுகின்றனர். யாரேனும் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிவரச் செய்து, தாம் ஒருமுறையேனும் படித்துப் பாராமல் சங்கத்தில் ஒப்படைத்துவிடுகின்றனர். தம் நிலத்தின் விஸ்தீரணம் அதில் குறைந்திருப்பதையோ, தம் பெயருக்குப் பதில் பங்காளியின் பெயர் ஏறியிருப்பதையோ அவர்கள் அறிவது, பெரும்பாலும் நிலத்தை விற்க முற்படும்போதோ, தகப்பனார் காலமான பின் பாகம் பிரிக்கும்போதோதான். அண்டை நிலத்துக்காரரும் பழைய சாட்சிகளும் உயிரோடிருக்கையில் ஒரு மனுவினால் தீரக்கூடிய பிழை, அவர்கள் மறைந்தபின் சிவில் வழக்காக முற்றிவிடுகிறது. ஆகையால் எந்தத் தஸ்தாவேஜு எங்கே இருக்கிறது, அதை எவ்விதம் கேட்டுப் பெறுவது என்பதை இப் பாடத்தில் காண்போம்.

நிலத்தைப் பற்றிய சர்க்கார் தஸ்தாவேஜுகள் இரு வேறு இலாகாக்களில் இருக்கின்றன. நிலத்தை யார் அனுபவிக்கிறார், என்ன தீர்வை, என்ன சாகுபடி என்பன வருவாய் இலாகாவின் கணக்கு. யார் யாருக்கு விற்றார், அடகு வைத்தார், செட்டில்மெண்டு செய்தார் என்பன பதிவு இலாகாவின் புத்தகம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். ஒத்திராத இடத்தில்தான் வம்பு பிறக்கிறது.

முதலில் வருவாய்க் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டு வரையில் இக் கணக்குகளைக் கர்ணங்கள் எழுதி வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, இப்பொழுது கிராம நிர்வாக அலுவலர் எழுதி வருகிறார். கணக்குகளில் தலையாயது 'அ' பதிவேடு. கிராமத்திலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணும் அதன் உட்பிரிவும், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா என்பதும், விஸ்தீரணமும், தீர்வையும், பட்டா எண்ணும், பட்டாதாரர் பெயரும் வரிசையாக அதில் காணப்படும். சிட்டாவோ பட்டாதாரர்வாரியாக எழுதப்படுவது. ஒருவருக்கு அக் கிராமத்தில் எங்கெங்கு நிலம் உண்டோ அவையெல்லாம் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டிருக்கும். நம் சங்கத்தில் நாள் ஏட்டுக்கும், அங்கத்தினர் பெயரால் பக்கம் ஒதுக்கிய பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அடங்கல் என்பது ஆண்டுதோறும் எழுதப்படும் சாகுபடிக் கணக்கு. இதற்குரிய ஆண்டு பசலி எனப்படும். ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதாம் தேதி முடியும். 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. நகல் கேட்கும்போது ஆங்கில வருஷத்தை மட்டும் குறிப்பிட்டால் இரு பசலிகளில் எது என்ற குழப்பம் நேரும். ஆகவே பசலியைக் குறிப்பிடுவதே நன்று. வறட்சி நிவாரணம், வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு ஆகியவற்றில் அடங்கலில் உள்ள பயிரே கணக்கில் கொள்ளப்படுகிறது. வயலுக்கே போகாமல் சென்ற பசலியில் எழுதிய பயிரை இந்தப் பசலியிலும் எழுதிவிடும் வழக்கம் எங்குமே இல்லை என்று சொல்வதற்கில்லை. மஞ்சள் பயிரிட்டவர் கணக்கில் சோளம் என்றிருந்தால், மழையில் அழுகியது மஞ்சளாயினும் காகிதத்தில் அழிந்தது சோளமே. பயிர் வயலில் நிற்கும்போதே அடங்கலைப் பார்த்துக்கொள்வது பயிரிடுவோர் கடமை. குத்தகைக்குப் பயிரிடுவோர் இன்னும் ஒன்று அறிய வேண்டும். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி அவர்கள் பெயருக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. அதில் பெயர் இருப்பது, வெளியேற்ற வழக்கு வரும் நாளில் பெருந்துணையாகும்.

இவை தவிர, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புல வரைபடம் உண்டு. வரப்புத் தகராறுகளில் ஊர்ப் பெரியவர்கள் வாக்கைவிட இப் படத்தின் அளவுகளே நிற்கும்.

நெசவாளர்களில் அநேகர் நத்தத்தில் குடியிருப்பவர்கள். நத்த நில அளவை நடந்தபோது முதலில் தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபங்களை விசாரித்தபின் தூய பட்டா வழங்கினார்கள். இன்றைக்கும் பெட்டியில் தோராயப் பட்டாவை மட்டுமே வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தூய கணக்கில் தம் மனை எந்த உட்பிரிவில், எத்தனை சதுர மீட்டராக, யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவை இப்பொழுது பெரும்பாலும் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் இவற்றைக் கூறினால் இ-சேவை மையத்திலேயே கிடைக்கும். ஆனால் கணினியில் உள்ளது இன்றைய நிலை மாத்திரமே. ஒரு பெயர் எப்பொழுது, எந்த உத்தரவின்பேரில் மாறியது என்பதை அறியப் பழைய ஏடுகளையே புரட்ட வேண்டும்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. பட்டா என்பது தீர்வை வசூலுக்காக ஏற்பட்ட கணக்கு. அது கிரயப் பத்திரம் ஆகாது. பட்டாவினால் மட்டும் சொத்துரிமை பிறப்பதுமில்லை, பட்டா இல்லாமையால் மட்டும் அது போய்விடுவதுமில்லை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. உரிமையை அறியச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்கே நமக்குள்ள உரிமை புதியதன்று. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அசையாச் சொத்தைப் பற்றிய தஸ்தாவேஜுகள் பதியப்படும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும், உரிய கட்டணம் செலுத்திய எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். சொத்துக்குச் சொந்தக்காரராயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. உயில்கள் மூன்றாம் புத்தகத்தைச் சேர்ந்தவை; எழுதிவைத்தவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ மட்டுமே நகல் தரப்படும், அவர் காலமானபின் கேட்பவர் எவருக்கும் தரலாம். நான்காம் புத்தகத்தில் உள்ள இதர தஸ்தாவேஜுகளுக்கு அவற்றில் சம்பந்தப்பட்டவர்களே நகல் கேட்கலாம்.

வில்லங்கச் சான்று என்பது முதலாம் புத்தகத்தின் அட்டவணைகளைத் தேடி எழுதிக் கொடுப்பதே. நாம் கொடுத்த சர்வே எண்ணும் கிராமமும் தப்பாயிருந்தால், "வில்லங்கம் இல்லை" என்ற சான்று தடையின்றிக் கிடைக்கும். அதனால் ஒரு பயனுமில்லை. உட்பிரிவு ஏற்படுமுன் இருந்த பழைய எண்ணையும் கொடுத்துத் தேட வேண்டும். சார்பதிவகங்களின் எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், முன்னே அக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று விசாரித்து அங்கும் தேட வேண்டும். கணினியில் ஏறாத முற்காலப் பதிவுகளை நேரில் தேடுதலே வழி. வாய்மொழியாகச் செய்த குடும்பப் பாகம், பதியாத உடன்படிக்கை ஆகியவை எந்தச் சான்றிலும் வாரா.

ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். ஓர் அங்கத்தினரின் தகப்பனார் 1962-ல் இரண்டு ஏக்கர் புஞ்சை கிரயம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் அன்றுமுதல் உழுது வருகிறது. கடனுக்காக எடுத்த சிட்டாவிலோ ஒரு ஏக்கர் நாற்பது சென்டுதான் காண்கிறது. இவர் கூச்சலிடுவதற்கு முன் நான்கு காகிதங்களைச் சேகரிக்க வேண்டும். 1962-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், அந்நாளைய செட்டில்மெண்டுப் பதிவேட்டின் அந்தப் பக்கம், 1980-களில் நடந்து முடிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய 'அ' பதிவேட்டின் அதே பக்கம், இன்றைய சிட்டா. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த ஏட்டிலிருந்து எந்த ஏட்டுக்குப் பெயர்த்தெழுதும்போது அறுபது சென்டு கைநழுவியது என்பது தெரிந்துவிடும். அத் திட்டத்தின்போது விழுந்த பிழைகள் நாடெங்கும் ஏராளம். பிழை எங்கே விழுந்தது என்று ஆதாரத்துடன் காட்டும் மனுவை வருவாய் அதிகாரிகள் எளிதில் தள்ள முடியாது. "என் நிலத்தைக் காணோம்" என்று மட்டும் எழுதிய மனு அலமாரியில் உறங்கும்.

பழைய ஏடுகளைத் தாலுகா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகப் பதிவறையிலோ கேட்டால் சில சமயம் "இல்லை" என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். அத்தகைய இடத்தில் உதவுவது 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம். இச் சட்டம் படித்தவர்கள் மட்டும் கூடிப் பெற்றதன்று. ராஜஸ்தானத்தில் கூலியாட்களும் சிறு பயிர்க்காரர்களும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல்களைக் காட்ட வேண்டுமென்று கேட்டது. 1994 டிசம்பர் 2-ல் கோட் கிரானா என்ற ஊரில் அக் கணக்குகளை ஜனங்கள் முன்னிலையில் உரக்கப் படித்தது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. தமிழ்நாடு 1997-லேயே மாநிலச் சட்டம் ஒன்று இயற்றியது; அதில் விலக்குகளே மிகுதி. 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் அமலுக்கு வந்தது.

மனு எழுதும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். "என் நிலத்தை ஏன் குறைத்தீர்கள்?" என்பது தகவல் கோரிக்கை ஆகாது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தையே கேட்கலாம். இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரும்படி கேட்க முடியாது. கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ...... தாலுகா அலுவலகம். ...... கிராமம், சர்வே எண் ......-க்கு, (1) நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டின் பக்கம், (2) அத் திட்டத்தின் 'அ' பதிவேட்டுப் பக்கம், (3) பட்டா மாறுதலுக்கு ஆதாரமான உத்தரவும் அதன் கோப்பும், இவற்றின் சான்றிட்ட நகல்களை அளிக்குமாறும், அக் கோப்பை நேரில் பார்வையிட நாள் குறிக்குமாறும் கோருகிறேன். தங்கள் அலுவலகத்தில் இல்லையெனில் 6(3) பிரிவின்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றுக."

இதில் பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணமே இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை எழுத்தில் வடிக்க உதவுவது அலுவலரின் கடமை. இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. ஆகவே சங்கத்தின் பெயரால் அனுப்பாமல் தனிநபர் பெயராலேயே அனுப்புக. முப்பது நாளில் பதில் வர வேண்டும். நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுக. கட்டும்வரை கழியும் நாட்கள் அம் முப்பதில் சேரா. கெடு தவறினால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ முப்பது நாளுக்குள் அதே இலாகாவின் மேலதிகாரியிடம் முதல் அப்பீல். அதற்கும் பயனில்லையெனில் தொண்ணூறு நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் அப்பீல். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எல்லா வழக்கிலும் அது விதிக்கப்படுகிறது என்று நம்பி ஏமாற வேண்டாம். கட்டணம் கட்டிச் சன்னலில் பெறக்கூடிய வில்லங்கச் சான்றுக்கும் சிட்டாவுக்கும் இச் சட்டத்தைப் பிரயோகிப்பது காலவிரயம்.

நம் சங்கத்துக் கணக்கையும் இவ்விதம் கேட்கலாமா என்று சில அங்கத்தினர்கள் வினவுகின்றனர். சட்டம், விதிகள், துணைவிதிகள், அங்கத்தினர் ஜாபிதா ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்வைக்கு வைக்க வேண்டுமென்று 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே விதித்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை, கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சர்க்காரின் ஆழ்ந்த கட்டுப்பாடோ கணிசமான நிதியுதவியோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச் சட்டத்தின்கீழ் வராது. ஆயினும் பதிவாளர் பொது அதிகாரியே. சட்டப்படி அவர் சங்கத்திலிருந்து பெறக்கூடிய தகவலை, விலக்குகளுக்கு உட்பட்டு, அவரிடம் மனுச் செய்து பெறலாம். நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறையின் சரக அலுவலகத்தையும், பயிரிடுவோர் சங்கங்களுக்குச் சரகத் துணைப்பதிவாளரையும் அணுக வேண்டும். கூலியில் பிடித்த சேமிப்புப் பாதுகாப்புத் தொகை தம் கணக்கில் ஏறியதா என்று ஐயுறும் நெசவாளர் முதலில் சங்கத்திலேயே கேட்பது முறை. அங்கு விடை கிட்டாதபோது இவ் வழி திறந்திருக்கிறது.

கடைசியாக ஜமாபந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பசலி முடியும் தறுவாயில், மே அல்லது ஜூன் மாதத்தில், தாலுகாதோறும் கிராமக் கணக்குகள் எல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டுத் தணிக்கையாகின்றன. எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று ஏடுகளும், அவற்றை எழுதியவரும், திருத்த உத்தரவிடவோ சிபாரிசு செய்யவோ வல்ல அதிகாரியும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். மேற்கூறிய நகல்களை முன்னதாகவே சேகரித்துக்கொண்டு அன்று மனுக் கொடுக்கலாம். மனுவின் இரண்டாம் பிரதியில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொண்டுதான் கூடத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.