அஞ்சுவதும் அணுகுவதும்

உரைநடைப் பாடம்

கற்றல் நோக்கங்கள்
• அச்சத்தின் இயல்பையும் பயனையும் அறிதல்
• இயல்பான அச்சத்தையும் அச்சக்கோளாற்றையும் வேறுபடுத்தி அறிதல்
• அச்சத்தைப் படிப்படியாக அணுகும் முறையைத் தம் வாழ்வில் பயன்படுத்துதல்
• லகர, ளகரச் சொற்களைப் பொருள் வேறுபாடு அறிந்து ஒலித்தல்

நுழைவாயில்

இருட்டு, இடி, நாய், ஊசி, உயரம், தேர்வு, மேடை ஆகியவற்றுள் ஒன்றற்கேனும் அஞ்சாதவர் அரியர். அச்சம் கொள்வது இழிவன்று. அச்சத்தைக் கண்டு ஓடுவதா, அதனை அணுகுவதா என்பதே சிந்திக்கத்தக்கது. அதனைப் பற்றியது இப்பாடம்.

1. புளியும் புலியும்

நாக்பூரில் ஏழாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் மதுரைக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குச் சென்றிருந்தாள். அடுக்களையில் அவளுடைய அப்பத்தா குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவ விரும்பிய சிறுமி, “அப்பத்தா, புலி எடுத்துட்டு வரட்டா?” என்று கேட்டாள். அங்கிருந்த அத்தை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். “கட்டி இழுத்துட்டு வா, குழம்புல போடலாம்!” என்றான் ஒருவன். அன்று முழுவதும் ‘புலி’ என்பதே அவளுக்குப் பெயராயிற்று.

நாக்பூர் திரும்பிய பின் அவள் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தாவின் தொலைபேசி அழைப்பு வரும்போதெல்லாம் அவளுக்கு வீட்டுப்பாடம் நினைவுக்கு வரும். இல்லையேல் குளியலறைக் கதவு மூடிக்கொள்ளும். கைப்பேசியை வாங்கியே தீரவேண்டிய நாள்களில் “ம்”, “சரி” என்னும் இரு சொற்களோடு பேச்சு முடியும். ஒருநாள் அப்பத்தா, “பிள்ளைக்கு என் மேல ஏதும் கோவமா?” என்று அம்மாவிடம் கேட்டது அவள் செவியில் விழுந்தது.

அது கோபமன்று, அச்சம். தவறாக ஒலித்துவிடுவோமோ, மீண்டும் சிரிப்பார்களோ என்னும் அச்சம். ஆயினும் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்திக்கொண்டிருந்தவர் அவள் மட்டும் அல்லர், அப்பத்தாவும்தான்.

2. அச்சம் என்னும் காவலன்

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு எனப்படும். அச்சம் தோன்றும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்று அந்நூல் வகுக்கிறது. அணங்கு என்பது வருத்தும் தெய்வம். இறை என்பது அரசன் முதலிய மேலோர். பேம், நாம், உரும் என்னும் மூன்று சொற்களும் அச்சப்பொருள் தரும் என்பதும் தொல்காப்பியச் செய்தியே. நம்மைக் குறிக்கும் ‘நாம்’ என்னும் சொல்லே பழந்தமிழில் அச்சத்தையும் குறித்தது.

அச்சம் மனிதனுக்குக் காவலனாக அமைகிறது. சீறும் பாம்பைக் கண்டு விலகுபவன் பிழைக்கிறான். அஞ்ச வேண்டியவற்றிற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பதே வள்ளுவர் கருத்தும் ஆகும்.

இடர் நேரும்போது மூளையில் பாதாம் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஏற்றவாறு தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது; நா வறள்கிறது. மேடையில் நிற்கும் மாணவனின் கால் நடுங்குவதும் இதனாலேயே. அங்கே புலி இல்லை. ஆயினும் அவனுடைய உடல் புலியை எதிர்கொள்ள ஆயத்தமாகிவிட்டது.

3. காவலன் எல்லை மீறினால்

காவலன் கள்வனைத் தடுக்க வேண்டும். வீட்டாரையே வெளியே செல்லவிடாமல் தடுத்தால் அவனால் பயனில்லை. அச்சமும் அத்தகையது. ஒரு பொருளால் விளையக்கூடிய தீங்கைக் காட்டிலும் அதன்மீது கொள்ளும் அச்சம் பன்மடங்கு பெருகி, ஆறு மாதங்களுக்கு மேலும் நீடித்து, படிப்பையும் அன்றாட வாழ்வையும் முடக்குமாயின் அதனை அச்சக்கோளாறு என்பர். பேச்சு வழக்கில் ‘ஃபோபியா’ என வழங்குவதும் இதுவே. கிரேக்கத் தொன்மத்தில் அச்சத்திற்குரிய கடவுளின் பெயர் ‘ஃபோபோஸ்’. 1877-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட செவ்வாயின் துணைக்கோள் ஒன்றிற்கும் அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது.

உயரம், மூடிய சிற்றறை, சிலந்தி, பாம்பு, நாய், இடி, குருதி, ஊசி, பிறர் முன்னிலையில் பேசுதல் ஆகியவை பலரிடமும் காணப்படும் அச்சங்கள். இவற்றுள் ஊசியச்சம் சற்று வேறுபட்டது. மற்ற அச்சங்களில் இதயத்துடிப்பு விரைகிறது. ஊசியையோ குருதியையோ கண்டவுடன் சிலருக்குக் குருதியழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வருகிறது. அத்தகையோர் ஊசி போடப்படாத கையின் தசைகளையும் கால் தசைகளையும் சில நொடிகள் இறுக்கித் தளர்த்துவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் குருதியழுத்தம் தாழாது; மயக்கமும் தவிர்க்கப்படும்.

அச்சத்தை வளர்ப்பது எது? தவிர்த்தலே. நாய்க்கு அஞ்சும் சிறுவன் வேறு தெரு வழியாகச் செல்கிறான். உடனே அவன் மனம் நிம்மதியடைகிறது. அந்த நிம்மதியே அவனை ஏமாற்றுகிறது. ‘வேறு வழியில் வந்ததனால்தான் பிழைத்தேன்’ என அவன் மனம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அச்சம் முன்னிலும் பெரிதாகிறது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்னும் பழமொழி இந்நிலையையே உணர்த்துகிறது.

4. முயல் கற்பித்த பாடம்

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்னும் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1924-ஆம் ஆண்டு வெளியிட்டார். பீட்டர் முயலைக் கண்டால் அஞ்சினான். முயலின் மென்மயிரை ஒத்த கம்பளி ஆடை, பஞ்சு, இறகு ஆகியவற்றிற்கும் அஞ்சினான்.

ஜோன்ஸ் அவனை வற்புறுத்தவில்லை. எள்ளி நகையாடவும் இல்லை. அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைக்கச் செய்தார். அவன் அமைதியாக உண்ணுமளவிற்கே முயல் நெருங்கலாம் என்பது அவர் வகுத்த எல்லை. முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் அவனோடு விளையாட விட்டார். நாளடைவில் தொலைவு குறைந்தது, கூண்டும் நீங்கியது. இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதற்கும் பீட்டர் இசைந்தான். பஞ்சின் மீதும் இறகின் மீதும் கொண்டிருந்த அச்சமும் விலகியது.

அஞ்சும் பொருளைச் சிறு சிறு படிகளாக அணுகி, ஒவ்வொரு படியிலும் உடலின் பதற்றம் தணியும் வரை நிற்பது, அச்சக்கோளாற்றுக்கு இன்றளவும் அளிக்கப்படும் முதன்மையான மருத்துவங்களுள் ஒன்றாகும்.

5. அவை அஞ்சிய வழக்கறிஞர்

திருக்குறளின் 73-ஆம் அதிகாரம் ‘அவை அஞ்சாமை’. மேடையச்சம் கற்றவரையும் விட்டுவைப்பதில்லை என்பதனாலேயே அதற்கென ஓர் அதிகாரத்தை வள்ளுவர் ஒதுக்கினார் எனலாம்.

காந்தியடிகள் இதற்குச் சான்றாவார். சிறுவயதில் திருடர், பேய், பாம்பு ஆகியவற்றிற்கு அஞ்சியதையும், விளக்கில்லாமல் உறங்க இயலாதிருந்ததையும் ‘சத்திய சோதனை’ நூலில் அவரே எழுதியுள்ளார். தொல்காப்பியம் கூறிய நான்கனுள் மூன்று அவரிடம் அவ்வாறே காணப்பட்டன. இலண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவினர் சங்கக் கூட்டத்தில், தாம் எழுதிவந்த கருத்துரையைப் படிக்கத் துணிவின்றி மற்றொருவரைப் படிக்கச் செய்தார். வழக்கறிஞராகி மும்பை நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்காக எழுந்து நின்றபோது அவருக்குத் தலை சுழன்றது. சாட்சியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி, பெற்ற 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

1893-ஆம் ஆண்டு அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியா நகரில் வாழ்ந்த இந்தியர்களின் கூட்டத்தில், வணிகத்தில் வாய்மை காத்தல் பற்றிப் பேசினார். அதுவே தம் வாழ்வின் முதல் பொதுமேடைப் பேச்சு என அவர் குறிப்பிடுகிறார். பேசவேண்டிய பொருளை நன்கு ஆயத்தம் செய்துகொண்டு சென்றார், கேட்டவர்கள் தம்மவர்கள், சொல்ல வேண்டிய தேவையும் இருந்தது. கூட்டங்கள் தொடர்ந்தன, பேச்சும் பழகியது. ஒரு காலத்தில் துன்பமாயிருந்த தம் கூச்சமே சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுத்தந்தது எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

6. படிப்படியாய்

நாக்பூர் மாணவியின் தமிழ் வகுப்பில் இச்செய்திகள் நடத்தப்பட்டன. அன்று மாலை அவள் தன் குறிப்பேட்டில் ஏணி ஒன்று வரைந்து, கீழிருந்து மேலாக ஆறு படிகளை எழுதினாள்.

படி 1: அறைக்குள் தனியே ஒரு பத்தியை உரக்கப் படித்தல்
படி 2: தம்பிக்குப் படித்துக் காட்டுதல்
படி 3: அம்மாவிடம் முழு வாக்கியங்களில் தமிழ் பேசுதல்
படி 4: அப்பத்தாவுக்குக் குரல்பதிவு அனுப்புதல்
படி 5: அப்பத்தாவுடன் தொலைபேசியில் பேசுதல்
படி 6: அத்தை பிள்ளைகளுடன் பேசுதல்

ஒரு படி எளிதான பின்னரே அடுத்த படியில் கால் வைத்தாள். நான்காம் படியில் ஒரு பதிவை ஏழு முறை அழித்து, எட்டாம் முறையே அனுப்பினாள். இடையில் மற்றொன்றும் அவளுக்கு விளங்கிற்று. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்தும் நகை பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். மழலையைக் கேட்டு மகிழ்ந்து சிரிப்பது இளமையால் பிறந்த நகை. அதில் இகழ்ச்சி இல்லை. அடுக்களையில் எழுந்த சிரிப்பில் பெரும்பகுதி அத்தகையதே. அவள்தான் அனைத்தையும் எள்ளல் எனக் கொண்டாள்.

ஐந்தாவது ஞாயிறன்று அழைத்தவள் அவளே. இதயம் படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது. நாவை வளைத்து மேலண்ணத்தில் ஒற்றி, “அப்பத்தா, புதுப் புளி எடுத்து வச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

மறுமுனையில் ஒரு கணம் ஓசையில்லை. பிறகு, “உனக்குன்னு ஒரு பானை தனியா வச்சிருக்கேன் தாயி” என்னும் குரல் கேட்டது.

அன்றைய பேச்சில் வேறு இரண்டு சொற்கள் பிறழ்ந்தன. அப்பத்தா திருத்தினார், அவள் திரும்பச் சொன்னாள். பேச்சு நின்றுவிடவில்லை.

நினைவில் கொள்க
• பிறர் அச்சத்தை எள்ளுதலும், அஞ்சுபவரை வலிந்து தள்ளுதலும் அச்சத்தை மிகுவிக்கும்.
• தெருநாய், ஆழ்நீர், மின்கம்பி போன்ற உண்மையான இடர்களில் அச்சமே காவல். துணையின்றித் துணிதல் கூடாது.
• தவறாக நடப்பவர் மீது தோன்றும் அச்சத்தைப் பழகிக்கொள்ளுதல் கூடாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுக. சிறார் உதவி எண் 1098.
• அச்சம் அன்றாட வாழ்வை முடக்குமாயின் மருத்துவ உதவி பெறுக. நடுவண் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை எண் 14416.

சொற்பொருள்
அணங்கு – வருத்தும் தெய்வம்
உரும் – அச்சம், இடி
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல்
எள்ளல் – இகழ்தல்
மேலண்ணம் – வாயின் மேற்பகுதி
கிலி – பேரச்சம்

மொழிப்பயிற்சி

அ. பொருள் வேறுபாடு அறிந்து உரக்கப் படிக்க.
புலி – புளி, கிலி – கிளி, கொல்லை – கொள்ளை, வால் – வாள்

ஆ. பொருத்தமான சொல்லால் நிரப்புக.
1. கிளையில் அமர்ந்திருந்த ________ பறந்தது. (கிலி / கிளி)
2. வீட்டின் பின்புறக் ________ வாழை நட்டனர். (கொல்லையில் / கொள்ளையில்)
3. குரங்கு ________ ஆட்டியது. (வாலை / வாளை)

இ. சரியா, தவறா எனக் கூறுக.
1. அச்சத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அது குறையும்.
2. ஊசியைக் கண்டால் சிலருக்குக் குருதியழுத்தம் தாழும்.
3. பீட்டருக்கு முயல் முதல் நாளிலேயே அருகில் வைக்கப்பட்டது.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. அச்சம் தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கு எவை?
2. இயல்பான அச்சம் எப்போது அச்சக்கோளாறு ஆகிறது?
3. காந்தியடிகள் 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது ஏன்?

உ. ஒரு பத்தியில் விடை தருக.
1. ‘அவ்வச்சத்தின் விலையைச் செலுத்திக்கொண்டிருந்தவர் அவள் மட்டும் அல்லர்’ என்னும் தொடரை விளக்குக.
2. பீட்டரின் அச்சம் நீங்கிய முறைக்கும் நாக்பூர் மாணவி வரைந்த ஏணிக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.

ஊ. செயல்பாடு
உன் அச்சங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஆறு படிகள் கொண்ட ஏணி ஒன்று வரைக. முதற்படி இவ்வாரமே ஏறக்கூடியதாக இருக்கட்டும். விரும்பாவிடில் இதனைப் பிறரிடம் காட்ட வேண்டியதில்லை.